காக்காவுக்கு ஆகாதவர்

"சார், நீங்க செய்யறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மாள் கேட்ட கேள்விக்கு முதல் மாடிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஹெல்மெட் இருந்ததால் அது சரியாகத் தொங்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆன டிக்கெட் செக்கர். வண்டி வாகனம் எதுவும் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில், ஸ்கூல் வேன் வரும் நேரமாகப் பார்த்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்வாசல் மரத்தடிக்கு வந்து நிற்பார். மரத்தில் கூடு கட்டியிருக்கும் காக்கா விர்ரென்று இறங்கி, அவர் மண்டையில் 'டொக்' என்று ஒன்று வைக்கும்.

"வா, வா! நான்தான்! நல்லாப் பார்த்துக்க!" என்று இவர் கத்துவார்.

வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் கைதட்டும். குடியிருப்பே சிரிப்பாய்ச் சிரித்தது.

"காக்கா சும்மா ஒரு ஆளைக் கொத்துமா? முட்டையை எடுத்து ஆம்லெட் போட்டிருப்பார்" என்றாள் இரண்டாம் மாடி அம்மா.

"அதெல்லாம் இல்லீங்க. காக்காகிட்டப் போய் டிக்கெட் கேட்டிருப்பார்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

செயலாளருக்கு எரிச்சல் வேறு விஷயத்தில்.

"ஹெல்மெட் போட்டா, அதோட கண்ணாடியையாவது கீழ இறக்கி விடலாமில்ல? மூஞ்சியைத் திறந்து காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. இப்படியா வம்பை விலைகொடுத்து வாங்குவாங்க?"

"மூஞ்சி தெரியலைன்னா அதுக்கு என்னை அடையாளம் தெரியாதும்மா."

"தெரியாட்டி நல்லதுதானே!"

அவர் ஹெல்மெட் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து நீங்க பின்வாசல் வழியாப் போங்க. இல்லேன்னா ஆளைக் கூப்பிட்டு அந்தக் கிளையை வெட்டிடுவேன். என் பொண்ணும் அங்கதான் வேனுக்கு நிக்கறா. உங்க சண்டையில அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கிளையை வெட்டாதீங்கம்மா, குஞ்சு இன்னும் பறக்கலை. நான் பின்வாசல்லயே போறேன். ஆனா பாப்பாவையும் கொஞ்சம்..."

"பாப்பாவை நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

மறுநாள் காலை முன்வாசலில் கத்தல் இல்லை, கைதட்டல் இல்லை. செயலாளருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. காக்கா மட்டும் கிளையில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, பிள்ளைகளை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தது, ரயில் பெட்டியில் ஏறிய டிக்கெட் செக்கர் மாதிரியே.

செயலாளரின் மகளிடம் வந்ததும் அதன் கழுத்து நின்றது. அடுத்த நொடி இறங்கிவிட்டது.

"அம்மா!"

குழந்தையின் ரிப்பன் காக்காவின் அலகில் இருந்தது. செயலாளர் புத்தகப் பையைச் சுழற்றினாள். அது வாட்ச்மேன் முதுகில் விழுந்தது. வாட்ச்மேன் குடையை விரித்தார். அது காற்றில் தலைகீழாக மடங்கிக்கொண்டது. காக்கா இவர்கள் யாரையும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. குழந்தையையே சுற்றிச் சுற்றி வந்தது.

"அவரைக் கூப்பிடுங்கம்மா!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

நேற்றுப் பேசிய பேச்சுக்கு இன்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஆனால் பெற்ற வயிறு அதையெல்லாம் யோசிக்குமா? செயலாளர் முதல் மாடியைப் பார்த்து அலறினாள்.

"சார்! ஓடி வாங்க சார்!"

பாதிச் சவரத்தில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் ஓடிவந்தார். ஹெல்மெட் மாட்ட நேரம் ஏது?

"ஏய், இங்க பாரு! நான் வந்துட்டேன்!"

காக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, நுரையில மூஞ்சி தெரியலை போலிருக்கே!"

தோளில் கிடந்த துண்டால் அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி நின்றார். காக்கா பார்த்தது. குழந்தையை விட்டது. நேராக அவருடைய வழுக்கை மண்டைக்கு வந்தது.

'டொக்.'

"அப்பாடா!" என்றார் அவர்.

குழந்தை அழுதபடியே வேனில் ஏறிப் போனது. செயலாளர் அவரை வாசல் கூரைக்கடியில் இழுத்து உட்கார வைத்து, ரத்தம் கசிந்த இடத்தில் துண்டை வைத்து அழுத்தினாள்.

"அதுக்கு உங்கமேலதானே சார் கோபம்? என் பொண்ணு அதை என்ன பண்ணினா?"

அவர் தயங்கினார். "அவளைத் திட்ட மாட்டேன்னு முதல்ல சொல்லுங்க."

"திட்டலை. சொல்லுங்க சார்."

"ஒரு நாள் குஞ்சு கூட்டுலேர்ந்து கீழ விழுந்துடுச்சு. பாவம்னு கையில தூக்கினது பாப்பாதாம்மா. காக்கா அதைப் பார்த்துட்டுக் கத்திக்கிட்டே இறங்கிச்சு. நான் சட்டுனு குஞ்சைப் பிடுங்கி, காக்கா கண்ணுக்கு நேரா என் மூஞ்சியோட சேர்த்து நல்லாக் காட்டிட்டு, அப்புறம்தான் ஏணி போட்டுக் கூட்டுல விட்டேன். ஒரு தடவை பார்த்த மூஞ்சியை அதுங்க வருஷக்கணக்கா மறக்காதாம். தினம் நான் வந்து நின்னு ஞாபகப்படுத்தினாத்தானே, அது பாப்பாவை மறக்கும்?"