நாலாவது சுற்றில் ஒரு பிசிறு

புதிதாக வந்த ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்த்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தது கிடார்தான். டிரம்மும் பேஸும் மட்டும் பதிவான டிராக்கைக் கைபேசி ஓடவிடும், கிடார் கூடவே வாசிக்கும். ஆம்ப்ளிஃபயர் தேறாவிட்டால் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போய்க் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்று சுற்று சுகமாகப் போயிற்று. நாலாவதில் கிடாரின் தந்தி ஒன்று பிசிறியது. அது அறை முழுக்கக் கேட்டது.

"இன்னொரு தடவை போடு," என்றது கிடார்.

கைபேசி முதலிலிருந்து ஆரம்பித்தது. நாலாவது சுற்று நெருங்க நெருங்கத் தந்திகளெல்லாம் விறைத்துக்கொண்டன. அதே இடம், அதே பிசிறு.

"மறுபடியும்."

இந்தத் தடவை டிரம் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது கிடார். பிசிறு அங்கேயும் தனியாக எழுந்து நின்றது. கைபேசி தானாகவே டிராக்கை நிறுத்திவிட்டது.

"அண்ணே, நான் தேறிட்டேனா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது ஆம்ப்ளிஃபயர்.

"எங்க தேறின? உன்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு," என்றது கிடார். "பழைய ஆம்ப்ளிஃபயர்லயும் பத்து வருஷமா இதே இடத்துலதான் பிசிறுவேன். ஒரு நாளாவது வெளிய கேட்டிருக்குமா?"