நஜீமா விழுங்கிய மாத்திரை

"என்னங்க, கண்ணு இருட்டுது. நான் மௌத்தாயிடுவேன் போலிருக்கு," என்று தோளில் சாய்ந்தாள் நஜீமா. ஆட்டோ பாலக்கரை நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. "சீக்கிரம் போப்பா!" என்று டிரைவரை விரட்டினார் நஸ்ருல்லா.

நோன்பு மாதம் அல்லவா, விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு புருஷன் பெண்டாட்டி இருவரும் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு பிரஷர், அவருக்குக் கை நடுக்கம். பாங்கு சொல்லிவிட்டால் எதையும் விழுங்கக் கூடாதே என்ற பரபரப்பில், அவருடைய மாத்திரைக் கிண்ணத்தை எடுத்து அத்தனையையும் வாயில் கொட்டிக்கொண்டாள் மகராசி! கிண்ணம் மாறிப்போனது, காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது.

அது லேசுப்பட்ட மாத்திரையா? ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த புது மருந்து. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் கடையையே மூட இருந்தவர் நஸ்ருல்லா; அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கை ஆடுவது நின்றது. "வேற யாரும் இதத் தொடவே கூடாது" என்று டாக்டர் தேவதர்ஷினி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நஜீமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாக்கு வறண்டு போச்சு டாக்டரம்மா. முழுங்கறப்ப இனிப்பாத்தான் இருந்துச்சு."

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "என்ன இப்படித் தாறுமாறா ஓடுது!"

"அந்த மாத்திரையில என்னதாங்க இருக்கு?" என்று கெஞ்சினார் நஸ்ருல்லா.

"எனக்கே தெரியாது பாய். ஆராய்ச்சி முடியறவரைக்கும் எங்ககிட்டயும் சொல்ல மாட்டாங்க. இருங்க, கேட்டுடறேன்," என்று போனோடு வெளியே ஓடினார்.

நஸ்ருல்லா மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன், யா அல்லாஹ்! வாய்விட்டே அழுதுவிட்டார்.

டாக்டர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணும் இல்லம்மா, எழுந்திரிங்க! ஆராய்ச்சின்னா பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. பாய்க்கு ஆரம்பத்துலேருந்தே வந்தது சும்மா மாத்திரைதானாம். வெறும் சர்க்கரை! உங்களுக்கு வந்ததெல்லாம் பயத்துல வந்தது."

நஜீமாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். படபடப்பு போன இடம் தெரியவில்லை. வெட்கத்தோடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"போன உசிரு வந்துச்சு. வா, வீட்டுக்குப் போகலாம்," என்று கையை நீட்டினார் நஸ்ருல்லா.

அந்தக் கையைப் பிடித்தவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க... உங்க கை ஏன் இப்படி ஆடுது?"