சத்தம் எடுக்கப்பட்ட கல்யாணம்

மாமல்லபுரத்து அலை திரையில் எழும்பி உடைந்தது. சத்தமே இல்லை.

கம்ப்யூட்டரில் ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். என் கல்யாண வீடியோ சத்தமில்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி ரஞ்சித்குமாருக்கு போன் போட்டேன். அவன்தான் திருப்போரூர் வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டைத் தேடி எடுத்து, பூஞ்சையைத் துடைக்கவைத்து, நான் கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று இன்டர்நெட்டில் ஏற்றியவன்.

“பாட்டு கம்பெனிக்காரன் சவுண்ட மொத்தமா எடுத்துட்டான்கா. நம்ம வூட்டுக் கல்யாணத்துல அவனுக்கு இன்னா வேலை?”

படத்துக்குக் கீழே ஒரு அறிவிப்பு இருந்தது. இதில் வரும் பாட்டுகளின் உரிமை வேறொருவருடையது, அதனால் ஒலி நீக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாமாம். சொந்த அக்காவின் கல்யாணம் என்று தம்பி தெரிவித்தும் பார்த்துவிட்டான். பதில் வரவில்லை.

பாட்டு அவர்களுடையதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதத்தில் வீடியோ எடுத்த முத்துசாமி யாரைக் கேட்டுப் பாட்டு போட்டார்? அப்போது எல்லா வீடியோக்காரர்களும் செய்ததுதான். மேளம், இரைச்சல், சொந்தக்காரர்கள் சண்டை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு, பந்திக்கு ஒரு சினிமாப் பாட்டு. நாமும் அதைத்தான் விரும்பிக் கேட்டோம்.

எனக்குப் பாட்டு வேண்டாம். அப்பாவின் குரல் வேண்டும்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அவர் பேசிய ஒரு சொல்லாவது தப்பித்திருக்கும் என்று நம்பியிருந்தேன். அதையும் தம்பியிடம் கேட்டேன். இடைவெளியே இல்லை, ஏற்றும்போது முழுக்கக் கேட்டுவிட்டேன் என்றான்.

அப்பா செங்கல்வராயனுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். நான் ஒற்றைக் காலில் நின்றதால் தாரை வார்த்துக் கொடுத்தாரே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுவீட்டுக்குப் போனபோது ஏரிக்கரைப் பக்கம் நழுவிவிட்டார். தலை ஆடிக்கு அழைக்க வந்துதானே ஆக வேண்டும், அப்போது காலில் விழுந்து சமாதானம் ஆகிவிடலாம் என்றிருந்தேன்.

வைகாசியிலேயே போய்விட்டார். அம்மா அந்தக் கேசட்டை அதன்பிறகு யார் கண்ணிலும் காட்டவில்லை.

மனசு ஆறினாரா, இல்லை வயிற்றெரிச்சலோடுதான் போனாரா? பதினைந்து வருஷமாக இதுதான் என்னை அரிக்கிறது.

போனை வைத்துவிட்டு, சத்தமில்லாவிட்டால் போகிறது, முகத்தையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ராமதாஸ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திரை மெதுவாக ஊதி ஊதி அடங்கியது.

எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். ஒரு ரோஜாப் பூ விரிந்து அதற்குள்ளிருந்து என் முகம் மிதந்து வந்தது. கோயில் கோபுரம் சுற்றிச் சுற்றிச் சின்னதாகி மறைந்தது. பந்தியில் காசியம்மாள் அத்தை யாரையோ பார்த்துக் கைநீட்டி என்னவோ சொன்னாள். செத்துப்போனவர்களும் இருப்பவர்களும் ஒன்றாக நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசிக் காட்சி. கோயில் வாசலில் கார். நான் உள்ளே உட்கார்ந்து அழுகிறேன். கதவிடுக்கில் மாட்டிய என் முந்தானையை இவர் குனிந்து விடுவித்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தின் ஓரத்தில் அப்பா. வாய் அசைகிறது.

காரைப் பார்த்துத்தான் பேசுகிறார். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக.

திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். போகிற பெண்ணை இப்படியா என்று இருந்தது. ஆனால் ஒட்டி நின்ற பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் சிரிப்பு நின்றது.

இவர் என் கையிலிருந்து மவுஸை வாங்கி அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டினார். திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

இவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அத்தை பந்தியில் வைத வசவுக்குத்தான் அத்தனை நேரம் சிரித்திருக்கிறார். இவரிடம் பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேராக, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேச வேண்டும். குரல் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அப்படிப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

வீடியோவுக்குக் கீழே, பார்க்கிறவர்கள் கருத்து எழுதுகிற பெட்டியில், இவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். அப்பா சொன்னதை அப்படியே, அவர் பேச்சிலேயே தட்டினார்.

“மாப்ளே, அவ அழுதா உனுக்குக் கேக்காது. மூஞ்சியப் பாத்துகினே இரு.”