குளிக்காமல் வருபவர்

"நீச்சல் பழகினதுலேர்ந்து முகமே தெளிஞ்சிருக்கு சார். ஆனா குளோரின் வாடையோடவே கிளம்பிடறீங்களே, ஷவர்ல ஒரு குளியல் போட்டாத்தான் என்ன?" என்றார் நீச்சல் குளத்து ஊழியர்.

"குளிச்சிட்டுப் போனா வீட்டுல திட்டு விழும்ப்பா!"

'நல்ல வீட்டுக்காரம்மா!' தலையில் அடித்துக்கொண்டார் ஊழியர்.

வீட்டில், கட்டிலில் இருந்த மனைவி அவசரப்படுத்தினாள். "சீக்கிரம் கிட்ட வாங்க."

அவர் குனிந்தார். ஈரத் தலையில் முகம் புதைத்து, ஆழமாக மூச்சிழுத்தாள்.

"தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?"

"நடுங்கிட்டேன். ஆனா இறங்கிட்டா மனசு லேசாயிடுது."

"எனக்குத் தெரியாதா?"

சுவரில் அவள் நீந்தி வாங்கிய பதக்கங்கள். போர்வைக்குள், விபத்துக்குப் பின் அசையாத கால்கள்.

"நாளைக்கு ஆழமான பக்கம் போங்க" என்றாள். "நான் எப்பவும் அங்கதான் நீந்துவேன்."