அடைக்காத நாலு கடை

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

புதுப் பூட்டு. எண்ணெய்ப் பிசுக்குகூட இன்னும் போகவில்லை.

அது பிலோமினாவின் பூட்டு இல்லை. அவள் தையல் கடையின் பூட்டும் சாவியும் அவள் கையில்தான் இருந்தன. கடைக்காரி தெருவில் நிற்கிறாள். கடையை வேறு யாரோ பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"தண்ணி பிடிச்சிட்டு வாறதுக்குள்ள இழுத்துப் பூட்டிட்டாவ அண்ணாச்சி" என்றாள்.

உள்ளே ஆறு ரவிக்கை கிடந்தன. நாளைக் காலையில் கல்யாணம்; இன்று சாயங்காலம் ஆறரைக்கு வாங்க வருவார்கள். ரெண்டுக்கு இன்னும் கை தைக்கவில்லை.

மணி பத்து. கடைத்தெரு மொத்தமும் அடைத்துக் கிடந்தது.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதை எதிர்த்துக் கடையடைப்பு. அறிவித்தவர் அவர்தான். வியாபாரிகள் சங்கச் செயலாளர்.

இந்த ஊரில் கடையடைப்பு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எட்டு மணிக்கு நாலு பைக் வரும். ஷட்டரில் கம்பால் ஒரு தட்டு. பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் குனிந்து குனிந்து வியாபாரம் பார்ப்பார்கள். திரும்பவும் பைக் சத்தம் கேட்டால் மீதிப் பாதியும் இறங்கும். மறுநாள் பேப்பரில் முழு ஆதரவு என்று வரும்.

அந்த அசிங்கம் அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை யார் கடையையும் தட்டக் கூடாது என்றார். மனசு இருக்கிறவர் அடைக்கட்டும். முடியாதவர் முழுசாகத் திறந்து வைக்கட்டும். சங்கக் கூட்டத்தில் சிரித்தார்கள். ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். கோமதிநாயகம் ஒருத்தர்தான் எழுந்து நின்றார். "அதையும்தான் பார்த்துருவோமே" என்றார்.

ஹார்டுவேர்ஸ் கடை கோமதிநாயகம். இருபது வருடப் பழக்கம்.

பத்து நாள் ரெண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். காரணத்தைச் சொன்னார்கள். ஏசினவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மறுநாளும் போனார்கள். நூற்றுப் பத்துக் கடை அடைக்கிறேன் என்றது. நாலு கடை பார்க்கலாம் என்று மழுப்பியது.

அந்த நாலு பேரிடமும் அவர் ஒன்று கேட்டார். அடைக்க முடியாதென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், ஒருத்தரும் கிட்டே வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்ற மூன்று பேரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிலோமினாதான் ரெண்டு நாள் தயங்கினாள். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். அதற்குப் பிறகு சொன்னாள்.

கேட்டிருக்கவே கூடாது. கேட்காமல் இருந்திருந்தால் பாதி ஷட்டரில் எப்படியோ தைத்து முடித்திருப்பாள்.

எந்த நாலு கடை என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னதால் கோமதிநாயகத்துக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

நடந்துபோய்ப் பார்த்தார். சைக்கிள் கடையில் பூட்டு. ஜெராக்ஸ் கடையில் பூட்டு. மாவு மில்லிலும் பூட்டு. எல்லாம் ஒரே ரகம்.

நேரே ஹார்டுவேர்ஸ் கடைக்கு நடந்தார்.

கோமதிநாயகம் தன் கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்குண்டான சாவிகள் மடியிலேயே கிடந்தன. மறைக்கக்கூட இல்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு நானே திறந்து விட்டுருதேன். பெரிசாக்காதேயும்."

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன்வே."

கோமதிநாயகம் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"நூத்திப்பத்துக் கடை அடைச்சிருக்கே, உம்ம பேச்சுக்குன்னா நினைச்சீரு? முந்தாநாள் நான் தனியா ஒரு சுத்துப் போனேன். அடைக்கலைன்னா நானே பூட்டுவேன்னு பூட்டைக் காட்டிட்டு வந்தேன்."

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

காலையில் இதே தெருவைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு கம்பு இல்லை. ஒரு பைக் இல்லை. அத்தனை ஷட்டரும் தானாக இறங்கியிருந்தன. மனைவிக்குப் போன் போட்டு, சனங்க நல்ல சனங்க என்று சொன்னார்.

படுபாவி, அந்தச் சந்தோஷத்தைக்கூட விட்டுவைக்கவில்லையே.

சாவியைக் கேட்டார். தர முடியாது என்றார் கோமதிநாயகம். பிடுங்கலாம். ஒல்லி ஆள், ஒரு உலுக்கு உலுக்கினால் போதும். கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பிலோமினாவிடம், கோமதிநாயகத்திடம் உன் பேரைச் சொன்னது நான்தான் என்றார். பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான தைக்கணும்."

அவர் எதிரிலேயே கல்யாண வீட்டுக்குப் போன் போட்டாள். மெஷின் பழுதாகிவிட்டது, ரெண்டு ரவிக்கை முடியாது என்றாள். மறுமுனையில் கத்தியது அவருக்கும் கேட்டது. பூட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவருடைய பாத்திரக் கடை தெருக்கோடியில் இருந்தது. யாரும் மிரட்டாமல் அடைத்த கடை. தெருவில் அப்படி எத்தனை என்று இனி அவரால் சொல்ல முடியாது.

சாவியைப் போட்டார். ஷட்டரை மேலே வரை ஏற்றினார். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

கடைக்குள்ளேயே நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"உமக்குப் புத்தி பேதலிச்சிட்டா? செயலாளர் கடையே திறந்து கிடந்தா ஊரு காறித் துப்பும்வே."

"உம்மகிட்ட இன்னும் பூட்டு இருக்கும். கொண்டாந்து போடும்" என்றார். "நான் உள்ளதான் இருப்பேன்."

கோமதிநாயகம் தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்தார்.

பிறகு கீழே இழுக்க எம்பி ஷட்டரைப் பிடித்தார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.