அலையும் பச்சைக் கோடு

"மச்சான், உண்மையைச் சொல்லு. நீ அசையறியா?"

"இல்ல மாமா. நிக்கச் சொன்ன இடத்துலதான் நிக்கிறேன்," என்றான் போனில் எஞ்சினியரின் மனைவியின் தம்பி.

எஞ்சினியருக்கு வியர்த்துக் கொட்டியது. எதிர்க் கட்டடத்து மாடி வராந்தாவில் மச்சான் சிக்னல் கருவியோடு நிற்கிறான். இங்கே ஜன்னலோரம் இருக்கும் ஆன்டெனாப் பலகை அவனை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்ப வேண்டும். பலகை திரும்பாது. உள்ளிருக்கும் ஃபேஸ் ஷிஃப்டர் சில்லுகள் ஒவ்வோர் அலையையும் இம்மியளவு முன்பின்னாகத் தள்ளினால் போதும். மொத்த அலைக்கற்றையும் கருவி இருக்கும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஆனால் திரையில் கற்றையைக் காட்டும் பச்சைக் கோடு இடமும் வலமுமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"ஒரு ஆள் சும்மா நிக்கிறாரு. அவரையே பிடிச்சு வைக்க முடியலையே தம்பி," என்றார் பலகையை வாங்க வந்திருந்தவர்.

"ஏதோ ஒரு சில்லு மக்கர் பண்ணுது சார். இப்பப் பாத்துடறேன்."

எதைப் பார்ப்பது? இந்த ஆர்டரும் கைநழுவினால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். மாதக் கடைசியில் வீட்டுக்குப் புது ஆள் வேறு வரப்போகிறது. ஒரு சில்லை மாற்றினான், கோடு நகர்ந்தது. இன்னொன்றை மாற்றினான், வேண்டுமென்றே செய்வதுபோல் சற்று நின்றுவிட்டு மறுபடி கிளம்பியது.

"என்ன தம்பி, உங்க கோடு வாக்கிங் போகுதா?"

எஞ்சினியர் கடைசிச் சில்லையும் பிடுங்கிப் புதிதைச் செருகினான்.

கோடு நின்றது. காத்திருந்து பார்த்தார்கள். அசையவே இல்லை.

வந்தவரின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டீங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்."

அவன் போனை எடுத்தான். "மச்சான், சரியாயிடுச்சுடா. சில்லுலதான் கோளாறு."

"சில்லுல ஒண்ணும் இல்ல மாமா. கோவிச்சுக்காதீங்க," என்றான் மச்சான். "நீங்க கிளம்பின கையோட அக்காவுக்கு வலி வந்துடுச்சு, இங்கயே கூட்டிட்டு வந்து சேத்துட்டேன். சொன்னா டெஸ்ட்டை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு, மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. நர்ஸ் நடக்கச் சொன்னாங்க. கருவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, நீங்க நிக்கச் சொன்ன இதே ஆஸ்பத்திரி வராந்தாவுல இவ்வளவு நேரமும் அக்காவைக் கைத்தாங்கலா நடக்க வச்சுக்கிட்டிருந்தேன். இப்பதான் பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க."