அண்ணன் போட்ட மனு

பாஷ்க் பட்ட கடன் ஒரு உயிர். கல்யாண விருந்தில் லூலாஷின் நெஞ்சில் சுட்டதற்குக் கோர்ட்டு இருபது வருஷம் ஜெயில் போட்டது. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வெளிநாட்டு வக்கீலம்மா, மேல்கோர்ட்டுக்குப் போய் ஷ்கோதர் சிறைக்கதவைப் பாதியிலேயே திறக்க வைத்தாள்.

"கேஸ் நடந்தப்ப உங்களுக்கு வக்கீலே வைக்கலைன்னு நிரூபிச்சுட்டோம்," என்றாள், அவனை வெளியே கூட்டி வந்தபடி.

"நான் மனுவே போடலையேம்மா. உள்ளே இருந்தாத்தான் எனக்கு உசுரு."

"உங்க அண்ணன்தான் போட்டாரு. வாரா வாரம் என்கிட்ட வந்து அழுவாரு. இதோ, வாசல்ல நிக்கிறாரே."

பின்னால் சிறைக்கதவு சாத்தியாகிவிட்டது.

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா."

மூன்று குண்டுகள். வக்கீலம்மாவின் சட்டையெல்லாம் ரத்தம். சுட்டவன் பிணத்தை மல்லாத்தி, பழிக்குப் பழி வாங்கும் ஊர் வழக்கப்படி துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்தான்.

"நான் லூலாஷோட அண்ணன். ஜெயிலுக்குள்ள எங்க கை எட்டலை. உங்க புண்ணியத்துல கடன் தீர்ந்துச்சு, தாயி."